கப்பல் ஏறுவதற்கு முன் அந்தச் சின்னப் பையைக் காட்டுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் வேலை வந்துவிடும். யாராவது மருந்துப் பொட்டலங்களோடு வந்து உட்கார்ந்து, “மிஸ்ஸி, அடுத்த வாரம் கப்பலுக்குப் போறோம். என்னென்ன எடுத்துக்கணும்?” என்பார்கள். மிஸ்ஸி என்றால் நர்ஸ். நான் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஒருமுறை மிஸ்ஸி என்று பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் அதை யாரும் திருப்பி வாங்கிக்கொள்வதில்லை. முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசருக்கு (மருத்துவ உதவியாளருக்கு) கைத்துணை, பிறகு அரசாங்கக் கிளினிக். மொத்தம் முப்பத்து நான்கு வருஷம். ஓய்வுக்குப் பின் நானும் வீட்டுக்காரரும் நான்கு தடவை உல்லாசக் கப்பலில் போய் வந்துவிட்டோம். அவர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கிளார்க்காக இருந்தவர். கணக்கு வழக்கு அவர் பொறுப்பு, உடம்பும் பெட்டியும் என் பொறுப்பு.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கையில் எடுத்துப் போகும் சின்னப் பை எங்கே? பெரிய பெட்டியைப் பற்றித்தான் எல்லாரும் ஒரு மாதம் யோசிக்கிறார்கள். சின்னப் பை காலையில் கிளம்பும்போது கிடைத்ததைப் போட்டுக்கொள்ளும் பையாக இருக்கிறது. அது தலைகீழ்.

கப்பலில் பெரிய பெட்டி நம்மோடு வராது. துறைமுகத்தில் அறை எண் போட்ட சீட்டை மாட்டி வாங்கிக்கொள்வார்கள். எக்ஸ்ரேயில் பார்த்து, ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு ஏற்றி, அறை வாசலில் கொண்டுவந்து வைக்கச் சாயங்காலம் ஆகும், சில சமயம் ராத்திரியும் ஆகும். எங்கள் முதல் பயணத்தில் கூட வந்த பெரியம்மா ஒருவர், பழைய தோட்டத்துக்காரர், இன்சுலின் பேனாவைப் பெரிய பெட்டியில் சேலைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தார். அதே பெட்டியின் அடியில் ஓர் இஸ்திரிப் பெட்டியும் இருந்தது. மகள் வீட்டுப் பிள்ளைகளின் சட்டை கசங்கிவிடுமாம். கப்பலில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை. எக்ஸ்ரேயில் அது தெரிந்ததும் பெட்டியைத் தனியாக எடுத்துப் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டார்கள். எங்களுக்கு அது தெரியாது. ஏழு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் சோறு, கறி, ஐஸ்கிரீம் எல்லாம் வந்தது. ஊசி வரவில்லை. விசாரித்து, கீழ்த் தளத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை மீட்டபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், எங்கள் மில்லிமோல் கணக்கில் 19க்கு மேல், மிக அதிகம். பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே சின்னப் பையில் போக வேண்டியவை: எல்லா மருந்தும், கடப்பிதழ் (பாஸ்போர்ட்), மூக்குக் கண்ணாடி, முடிந்தால் பழைய கண்ணாடி ஒன்று கூடுதலாக, காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு அதன் பேட்டரி, கைப்பேசி சார்ஜர், மாற்றுத் துணி ஒரு செட். கடப்பிதழ் கிளம்பும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். அதை இப்போதே திறந்து பாருங்கள், முதல் நாள் ராத்திரி பார்க்காதீர்கள்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதுதான் என் தொழில். கிளினிக்கில் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே மாத்திரை இருக்கட்டும். பேர், அளவு, வேளை எல்லாம் அதில்தான் அச்சாகியிருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லா மாத்திரையையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கொட்டிக்கொண்டு வந்த ஓர் அண்ணனைக் கண்டிருக்கிறேன். வெள்ளையில் நான்கு வகை இருந்தது. எது பிரஷர் மாத்திரை, எது கொழுப்பு மாத்திரை என்று அவருக்கும் தெரியவில்லை, கப்பல் டாக்டருக்கும் தெரியாது. பயணம் நான்கு நாள் என்றால் எட்டு நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மருந்து வாங்கும் தேதி பயணத்துக்குள் விழுந்தால் கிளினிக் மருந்தகத்தில் இரண்டு வாரம் முன்பே போய்ச் சொல்லுங்கள், வழி சொல்வார்கள். மருந்துப் பெயர்களையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கடப்பிதழுக்குள் வையுங்கள்.

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரியானவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. உங்களுக்கு அது தேவை என்றால் டாக்டர் கடிதமும், வேண்டுமானால் முன் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளின் பையிலும் ஒரு பார்வை போடுங்கள். வேப் (மின்சிகரெட்) சிங்கப்பூரிலும் குற்றம், தாய்லாந்திலும் குற்றம். “சும்மா பேக்கில் கிடந்தது பாட்டி” என்பதை எந்த அதிகாரியும் கேட்க மாட்டார்.

இன்சுலின் போடுகிறவர்கள் கவனியுங்கள். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனா 30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாமல் இருந்தால் போதும், பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும். குறுகிய பயணத்துக்குக் குளிர்சாதன அறையே போதுமானது. கூடுதல் பேனாவுக்கு அறையில் இருக்கும் சின்ன குளிர்பெட்டியை நம்பிவிடாதீர்கள். சில கப்பல்களில் அது பானத்தைச் சில்லென்று வைக்கும், அவ்வளவுதான். மருத்துவ அறையில் வைத்துத் தருவார்களா என்று ஏறிய உடனே கேளுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக ஒட்டி வைத்து உறைந்துபோனால் அந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஊசி முனைகளைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள், அறை சுத்தம் செய்ய வரும் பிள்ளையின் கையில் குத்தும். கேட்டால் அதற்கென்று ஒரு டப்பா தருவார்கள்.

இப்போது பெரிய பெட்டி. விமானம் மாதிரி எடைக் கணக்குக் கெடுபிடி பொதுவாக இல்லை. அதனால்தான் வீட்டையே தூக்கி வந்துவிடுகிறார்கள். அறை சின்னது. பெட்டி கட்டிலுக்கு அடியில் போகும் உயரத்தில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நான்கு நாளும் அதைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், சின்ன ரைஸ் குக்கர், கத்தி, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் கூடாது. கப்பலில் தீ என்றால் ஓடுவதற்கு இடம் இல்லை. எங்கள் ஆட்கள் கற்பூரமும் தீப்பெட்டியும் எடுத்துப் போவார்கள், அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சின்னச் சாமிப் படம் ஒன்று, திருநீற்றுப் பொட்டலம் ஒன்று, போதும். சமைத்த சாப்பாட்டையும் விட மாட்டார்கள். கடையில் ஒட்டி விற்கும் முறுக்குப் பாக்கெட் பொதுவாகப் பிரச்சினை இல்லை.

யாரும் சொல்லாத ஒரு சாமான்: காந்தக் கொக்கி. அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. மலிவு விலைக் கடையில் நான்கு கொக்கி வாங்கிப் போனால் ஈரத் துண்டு, தொப்பி, மருந்துப் பை எல்லாம் சுவரில் தொங்கும். நம் வீட்டு மூன்று முனைப் பிளக் சில கப்பல்களில் பொருந்தாது, ஓர் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ராத்திரி பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அவர்கள் இறக்கிவிடுவார்கள், காலையில் கரையில் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்காரர் கணக்கில் புலி. ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் மடித்து வைத்துப் பூட்டி வெளியே தள்ளிவிட்டுக் கைலியோடு படுத்தார். காலையில் எழுந்து, “கால்சட்டை எங்கே?” என்றார். பெட்டிக்குள். எல்லாக் கால்சட்டையும். கட்டம் போட்ட கைலியும் பாத்தேக் சட்டையுமாகக் குடிநுழைவு வரிசையில் நின்றார். அதிகாரி கடப்பிதழைப் பார்த்து, கைலியைப் பார்த்து, “அங்கிள், சூராவுக்குப் போறீங்களா?” என்று மலாயில் கேட்டார். சூராவ் என்பது முஸ்லிம்களின் தொழுகைக்கூடம், கைலி கட்டிப் போவார்கள். ஆகவே மறுநாள் உடுத்தும் துணியைக் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பெட்டியைப் பூட்டுங்கள். காலை மாத்திரையும் அப்படியே.

துறைமுகத்துக்குப் போவதில் ஒரே ஓர் எச்சரிக்கை. முதல் பயணத்தில் இங்கிருந்து இடிஎஸ் ரயில் ஏறி கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து கொமுட்டர் ரயில். கடைசி ஸ்டேஷன் பெயரே ‘பெலாபுஹான் கிள்ளான்’ (கிள்ளான் துறைமுகம்) என்று இருக்கிறதே என்று இறங்கிவிட்டோம். எதிரே பூலாவ் கெத்தாம் போகும் படகுத்துறை. உல்லாசக் கப்பல் துறை பூலாவ் இண்டாவில் இருக்கிறது, பாலம் தாண்டிக் காடியில் போக வேண்டும். பெட்டி, பெரியம்மா, வெயில், பகல் பதினொரு மணி. வாடகைக் காடி பிடித்துக் கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். தப்பு எங்களுடையதுதான், சீட்டில் தெளிவாகப் போட்டிருந்தது. இப்போது நாங்கள் கிள்ளானில் ஏறுவதானால் முதல் நாளே போய் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிடுகிறோம். சிங்கப்பூரில் ஏறினால் வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் பக்கத்தில் நிரப்பாதீர்கள்.

அடுத்து, தலைசுற்றல். எங்கள் பாட்டி 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். மேல்தளத்தில் பாயை விரித்து ஒரு தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு வந்தார். கூட வந்தவர்களெல்லாம் வாந்தி எடுத்துச் சுருண்டபோது அவர் எலுமிச்சை ஊறுகாயை நக்கிக்கொண்டு, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். ஊறுகாயைப் பற்றி எனக்குத் தெரியாது, பாட்டியின் பார்வை சரி. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது, அறைக்குள் இருக்கும் கண் ‘எதுவும் ஆடவில்லை’ என்கிறது, அந்தக் குழப்பம்தான் குமட்டல். வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் கேளுங்கள், ஆட்டம் அங்கே குறைவு. படுத்துக்கொண்டு கைப்பேசி பார்க்காதீர்கள்.

மாத்திரை போடுவதென்றால் குமட்டல் வருவதற்கு முன், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். தூக்கம் வரும், ஆகவே போட்டுக்கொண்டு படிக்கட்டில் இறங்கிச் சாகசம் வேண்டாம். கண் அழுத்த நோய் உள்ளவர்களும், புரோஸ்டேட் வீங்கி ஒன்றுக்குப் போகச் சிரமப்படும் ஆண்களும் இந்த வகை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இதைக் கேட்டதும் வாசலில் உட்காரும் அண்ணன்மார் பாதிப்பேர் பேச்சை மாற்றுவார்கள். மாற்றினாலும் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். இஞ்சி மிட்டாய், அசாம் பூய் (புளிப்பான உலர்பழம்) எல்லாம் வாய்க்கு ஆறுதல். கோடாலித் தைலம் பக்கத்து அறை வரை மணக்கும், அளவாகத் தேயுங்கள்.

மலாக்கா நீரிணை பொதுவாகச் சாதுவான கடல். மே முதல் அக்டோபர் வரை தாய்லாந்தின் பூக்கெட் பக்கம் அந்தமான் கடல் கொஞ்சம் குதிக்கும். தென்சீனக் கடல் பக்கம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. வயதானவர்களைக் கூட்டிப் போகும் தேதியை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

வயிறு. இதில் நான் கண்டிப்பானவள். கப்பலில் கூட்டமாகப் பரவும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணம் நோரோ வைரஸ். உடம்புக்குள் போய் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் தொடங்கும், ஒன்று முதல் மூன்று நாள் வாட்டும். மாடிப்படிக் கைப்பிடி, லிஃப்ட் பொத்தான், சாப்பாட்டுக் கூடத்துக் கரண்டி, இப்படித் தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். கூடத்து வாசலில் கைக்குத் தடவ ஜெல் வைத்திருப்பார்கள். அதைத் தடவிக்கொண்டு நிம்மதியாகிவிடாதீர்கள், இந்தக் கிருமிக்கு அந்த ஆல்கஹால் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சோப்புப் போட்டு 20 வினாடி, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். நான் கரண்டியால் எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, மேசையில் தட்டை வைத்துவிட்டு, மறுபடியும் போய்க் கை கழுவிவிட்டு வந்துதான் சாப்பிடுவேன். கையால் சாப்பிடுகிற நமக்கு இது இன்னும் அவசியம். வீட்டுக்காரர் முதலில் கிண்டல் செய்தார். மூன்றாவது பயணத்தில் எங்கள் மாடியில் இரண்டு அறைகளுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டு வைத்துவிட்டுப் போனதைப் பார்த்த பிறகு எனக்கு முன்னால் எழுந்து கழுவப் போகிறார்.

அப்படி வந்துவிட்டால் மறைக்காதீர்கள். மருத்துவ அறைக்குத் தகவல் சொன்னால் அறையிலேயே இருக்கச் சொல்வார்கள், எல்லாம் நின்ற பிறகும் இரண்டு நாள் வரை வைத்திருக்கலாம். காசு போட்டு வந்துவிட்டு அறைக்குள் கிடப்பதா என்று சிலர் மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் ஒரு மாடி முழுக்கப் படுக்கும். ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் ஆறு எடுத்துப் போங்கள், உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும், கண்ணளவில் வேண்டாம். பேதியில் இரத்தம் இருந்தாலோ கடும் காய்ச்சல் இருந்தாலோ பேதியை நிறுத்தும் மாத்திரை போடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாந்தி பேதி நேரத்தில் சில மாத்திரைகளை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். எதை என்று கிளம்புவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் நான் புத்தி சொல்லி யாரும் கேட்டதில்லை, எனவே சுருக்கமாக. இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கப்பலில் சர்க்கரை ஏறுவதைவிடத் திடீரென்று இறங்குவதுதான் எனக்குப் பயம். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, வரிசையில் நின்று, படகில் ஏறி, வெயிலில் நடந்து, காலைப் பசியாறலையே மறந்துவிடுவார்கள். கை நடுங்கினால், வியர்த்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அல்லது அதற்குச் சமமான மிட்டாய், 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. சைவக்காரர்கள் பயணம் பதியும்போதே சொல்லிவிடுங்கள், கப்பலில் ஏறிச் சொன்னால் அன்று இரவு உருளைக்கிழங்குதான்.

‘நீர் மாத்திரை’ (உடம்பில் சேரும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) சாப்பிடும் பெரியவர்கள் கரையில் இறங்கும் நாளில் அதை விட்டுவிடுகிறார்கள், கழிவறை தேடி அலைய வேண்டுமே என்று. மூன்று துறைமுகத்தில் மூன்று நாள் விட்டால் கால் வீங்கி மூச்சு வாங்கும். வேளையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள், தானாக நிறுத்தாதீர்கள்.

கால் மரத்துப்போன இனிப்பு நீர்க்காரர்களுக்கு இன்னொன்று. நீச்சல் குளத்தருகே பகல் ஒரு மணிக்குத் தரை கொதிக்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு ஐயா வெறுங்காலோடு நடந்தார். அவருக்குச் சுடவில்லை. ராத்திரி காலுறையைக் கழற்றும்போது பாதத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது, இரண்டு உள்ளங்காலிலும் வெள்ளி நாணயம் அளவுக்குக் கொப்புளம். அது ஆறுவதற்கு ஊருக்கு வந்து இரண்டு மாதம் கட்டுப் போட்டேன். ரப்பர் அடிப் பாதுகையைக் குளத்தோரத்திலும் மணலிலும் கழற்றாதீர்கள். ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

பூக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங்கில் கரைக்கு வராமல் தள்ளி நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆளை இறக்குவார்கள். சக்கர நாற்காலிக்காரர்களை எல்லா நேரமும் ஏற்ற மாட்டார்கள், முதலிலேயே கேளுங்கள். அதோடு அங்கே நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். கப்பல் கடிகாரம் ஐந்து என்று காட்டும்போது கரையில் கைப்பேசி தானாக மாறி நான்கு காட்டும். ‘இன்னும் ஒரு மணி இருக்கு’ என்று கடை ஏறினால் கப்பல் போய்விடும், அது யாருக்காகவும் நிற்காது. கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொண்டு அதைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். பினாங்கில் இந்தக் கவலை இல்லை. சுவெட்டன்ஹம் துறையில் கப்பல் நேராக ஒட்டும். நடந்தே லிட்டில் இந்தியா போய், 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டு, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பலாம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் மருத்துவ அறை இலவசம் இல்லை, ஊர் மருத்துவ அட்டை செல்லும் என்று நினைக்காதீர்கள், நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதி எடுங்கள். கர்ப்பிணிகளை 24 வாரத்துக்கு மேல் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை, கைக்குழந்தைக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கைப்பேசியை ஏறியவுடன் விமானப் பயன்முறையில் (ஏரோபிளேன் மோட்) போடுங்கள், கடலில் தானாகக் கப்பல் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் பில் வீட்டுக்கு வரும்போது பிரஷர் மாத்திரை தேவைப்படும். உயிர்காப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் போங்கள், படம் எடுக்க அப்புறம் நேரம் இருக்கும்.

போன மாதம் அந்தப் பெரியம்மா மறுபடியும் வந்தார். மகள் குடும்பத்தோடு லங்காவி, பூக்கெட். நான் கேட்பதற்கு முன்பே சின்னப் பையைத் திறந்து நாற்காலியில் பரப்பினார். இன்சுலின் பேனா இரண்டு, ஊசி முனை, சோதனைக் கருவி, கிளினிக் உறையோடு மாத்திரைகள், மிட்டாய், மருந்துப் பட்டியல் தாள், மாற்றுச் சேலை. எல்லாம் சரியாக இருந்தது. “நல்லா வச்சிருக்கீங்க பெரியம்மா” என்றேன். அடியில் ஒரு துண்டு கனமாகச் சுருட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். அதே இஸ்திரிப் பெட்டி.

“பெரிய பெட்டியிலதானே கூடாதுன்னாங்க” என்றார்.